உமாபாய் என்று நாங்கள் கூப்பிட்டவள்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த துறையில் இப்போது சேர்ந்திருப்பவள். காது கேட்காதவர்கள் மனநலச் சிகிச்சைக்கு வந்தால் இனிமேல் சைகை மொழி தெரிந்த ஒருவர் கூடவே உட்காருவாராம். ஆள் கிடைக்காத இடத்தில் போன் திரையிலாவது வருவாராம். அதற்குப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க? வந்து ஒரு கால் மணி நேரம் பேசணும்" என்றாள்.

என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டவை. செம்பூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் தன் இஷ்டத்துக்கு ஓடும். வர முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு அந்த வார்டுக்கு இன்னொரு முறை போக வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருக்கிறது என்று. அந்தக் கட்டடத்தை இடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மரத்தரை போட்ட மாடி அது. யார் எந்த மூலையில் நடந்தாலும் காலுக்கு அடியில் லேசாக அதிரும்.

நான் தாராவியில் பிறந்தவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. சமூகப்பணி படித்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டுரைகள் எழுதினோம், கேன்டீனில் உலகத்தைத் திருத்தினோம், பாஸானோம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சோஷியல் வொர்க்கராகச் சேர்ந்தேன். அப்படி ஒரு வேலை இருப்பது வார்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தாராவியில் கேட்கவே வேண்டாம். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அங்கே நர்ஸம்மாதான். ஊசி போடச் சொல்லிக் கையை நீட்டுவார்கள், எனக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் காமத். கொங்கணிக்காரர், ஒல்லியானவர், எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். அவர் அறையில் நோயாளிக்குத்தான் கைவைத்த நாற்காலி. அவர் உட்காருவது ஒரு குட்டை ஸ்டூலில். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வரும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். "இவர்கள் எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்து வந்தவர்கள். என்னையாவது குனிந்து பார்க்கட்டும்" என்பார். ஒரு கேள்வி கேட்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டையில் துடைப்பார். பதில் வரும்வரை துடைப்பார். அந்த மௌனம் எங்களைப் போன்றவர்களுக்குச் சித்திரவதை. நான் சேர்ந்த புதிதில், ஒரு மில் தொழிலாளி சொல் கிடைக்காமல் திண்டாடியபோது, பொறுக்க மாட்டாமல் அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் போனபின் டாக்டர் சொன்னார்: "மிஸ் தேவசகாயம், அந்த வார்த்தை அவருடையது. அதை நீங்கள் ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?"

கடைசிவரை அவர் என்னை எஸ்தர் என்று கூப்பிட்டதில்லை. மிஸ் தேவசகாயம்தான். அவர் இறந்தபின் என்னை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. சில காலைகளில் அதைக் கேட்கவேண்டும் போல இருக்கிறது.

ஒருவரின் மனதைப் பரிசோதிக்க அவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் தோற்றம், அடுத்து நடத்தை, பிறகு பேச்சு. அதற்கு மேலேதான் மனநிலை, எண்ணங்கள், ஞாபகம், கடைசியில் தனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரிகிறதா என்பது. ஒரு படியை விட்டு அடுத்ததற்குத் தாவக்கூடாது. பேச்சு என்ற படியில் தடுக்கினால் அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதக்கூடாது என்பது அவர் சட்டம். எல்லா டாக்டர்களும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது.

நான் டைபாய்டில் படுத்துக்கிடந்து, டாக்டர் காமத்தும் கோவாவில் தாயாரின் காரியத்துக்குப் போயிருந்த சமயத்தில்தான் உமாபாய் வார்டுக்கு வந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். குர்லா ஸ்டேஷனில் வருகிற வண்டிகளில் எல்லாம் பெண்கள் பெட்டியில் ஏறி, ஒவ்வொருத்தி முகத்தையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாளாம். யாரோ பிள்ளை பிடிக்கிறவள் என்று கத்த, கூட்டம் கூடி அடித்துவிட்டது. போலீஸ் இங்கே கொண்டுவந்து விட்டது.

வார்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உமாபாய், உமாபாய் என்று கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. காது கேட்காதோ என்று ஒரு இளம் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதுவரை நல்லதுதான். அவளுக்குப் பின்னால் போய் ஒரு இரும்பு ட்ரேயைத் தரையில் போட்டுப் பார்த்தார். அவள் வெடுக்கென்று திரும்பினாள். ஆகவே காது கேட்கிறது, கேட்டும் பேச மறுக்கிறாள் என்று முடிவாயிற்று. இதோடு அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு விரலால் இடது மூக்கைத் தொடுவாள், உடனே அந்தக் கையைத் தோளில் வைத்து மார்பின் மேல் நீளமாகக் கீழே இழுப்பாள். யார் எதிரே வந்தாலும் இதைச் செய்வாள், ஆள் இல்லாதபோதும் செய்வாள். பேச்சில்லை, அர்த்தமில்லாத ஒரே அசைவு திரும்பத் திரும்ப. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு நோய் உண்டு.

மாத்திரை ஆரம்பித்தார்கள். யார் அருகில் போனாலும் முகத்துக்கு நேரே கையை வீசுகிறாள் என்று மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். நான் திரும்பி வந்தபோது அவளை அப்படித்தான் பார்த்தேன். கண் மட்டும் வருகிறவர்கள் எல்லார் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. வீட்டார் யாரும் கேட்டு வராததால், மாதக் கடைசிக் கூட்டத்தில் அவளை ஊருக்கு வெளியே இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவெடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. உறவென்று ஆள் இல்லாதவர்கள் அங்கே போனால் திரும்பி வருவது அபூர்வம்.

அவளைக் கொண்டுவந்த ஹவில்தார் அந்த வாரம் இன்னொரு ஆளைக் கொண்டு வந்தார். இவளுக்கு வீடு வாசல் தேடுவது என் வேலை என்பதால், உமா என்று பெயர் சொன்னது யார் என்று கேட்டேன். பம்பாய் இந்தியில் சாவகாசமாகச் சொன்னார். ஸ்டேஷனில் ஒரு மதராசி வாழைப்பழக்காரன் அவளை முன்பே பார்த்திருக்கிறேன் என்றானாம்.

"மைனே பூச்சா, நாம் க்யா? வோ போலா, ஊமா ஹை சாப், ஊமா. ஐஸா கர்கே" என்றார். பெயர் கேட்டதற்கு இப்படிச் செய்துகொண்டே ஊமா என்றானாம். அவன் செய்த மாதிரியே செய்து காட்டினார். விரல்களைக் குவித்து உதட்டில் தட்டி, கையை விரித்து இல்லை என்பதுபோல ஆட்டினார். அவளுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து ஒரு பாவ் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன் என்று வேறு சொன்னார். நல்ல மனுஷன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாதியில் அது அழுகையாகிவிட்டது. பாவம் அந்த வாழைப்பழக்காரனுக்கு இந்தியில் அந்தச் சொல் வரவில்லை. பெயரைக் கேட்கிறார்கள் என்பதும் புரியவில்லை. இவள் ஊமை என்று சொல்ல வந்தவன் நம் ஊர் வாய்க்கு வருகிறபடி 'ஊம' என்றிருக்கிறான். மராட்டிக் காதில் அது பார்வதி தேவியின் பெயராக விழுந்தது. மரியாதைக்கு, நம் அம்மா மாதிரி, ஒரு பாயும் சேர்ந்துகொண்டது. ஊமையம்மா, ஊமையம்மா என்று ஒரு வார்டே அவளைக் கூப்பிட்டு, ஏன் திரும்பவில்லை என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது.

கோவாவிலிருந்து திரும்பியிருந்த டாக்டர் காமத்திடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அந்த ட்ரே எங்கே விழுந்தது?" என்று கேட்டார். மரத்தரையில் என்றேன். "வாருங்கள்" என்று எழுந்தார்.

அன்று அவர் செய்த பரிசோதனை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அவள் கட்டுகளைத் தாமே அவிழ்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பஞ்சு மெத்தைகளைப் போட்டு, கால் தரையில் படாமல் அவளைச் சம்மணமிட்டு உட்கார வைத்தார். என்னை அவளுக்கு எதிரே உட்காரச் சொன்னார், முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது என்ற உத்தரவோடு. காற்று படாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினார். நிழல் முன்னால் விழாத பக்கமாகப் பின்னால் போய் நின்று பூசைமணி போன்ற ஒரு மணியை அடித்தார். எனக்குக் காது கூசியது, அவள் என் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவளைத் தரையில் வெறுங்காலோடு நிற்க வைத்தார். அறையின் மறுகோடிக்குப் போய், சத்தமே வராமல் குதிகாலால் ஒரு பலகையை மெல்ல அழுத்தித் தட்டினார். அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

யாரையும் திட்டவில்லை. நர்ஸ், ஆயா, டாக்டர் எல்லாரையும் கூட்டி மராட்டியில் தணிந்த குரலில் சொன்னார். "இவள் கையைக் கட்டுவது மற்றவர்கள் வாயில் துணி அடைப்பதற்குச் சமம். மாத்திரையில் இவள் விரல் விறைத்துப் போயிருக்கிறது, நாக்கு குழறுகிற மாதிரி கை குழறுகிறது. இரண்டையும் நிறுத்துங்கள்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் இவள் நன்றாக இருக்கிறாள், வீட்டுக்கு அனுப்பலாம் இல்லையா என்றேன்.

"காது கேட்காது என்று தெரிந்திருக்கிறது. மனதில் நோய் இல்லை என்று இன்னும் தெரியவில்லை. காது கேட்காதவர்களுக்கும் பைத்தியம் பிடிக்கலாம், மிஸ் தேவசகாயம். அந்த உரிமையை நாம் பறிக்கக்கூடாது. அவள் யாரைத் தேடுகிறாள், கண்டுபிடியுங்கள்."

தாராவியில் குழாயடியில் விசாரித்தால் தெரியாத சங்கதி கிடையாது. ஊமைப் பெண் ஒருத்தி காணாமல் போயிருக்கிறாளா என்று கேட்டேன், தண்ணீர்க் குடம் நிறைவதற்குள் வீட்டைக் காட்டிவிட்டார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்த செல்லையா என்பவரின் தங்கை. அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எந் தங்கச்சிதான் நர்ஸம்மா. சொர்ணம்னு பேரு. யாரு அப்படிக் கூப்பிடுதா? கூப்பிட்டாத்தான் கேக்கவா போவுது."

"காணலேன்னா தேட வேண்டாமா?"

"தேடாம இருப்பனா? எத்தன தடவதான் தேட? முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம சாயந்திரம் மட்டும் குர்லா டேசனுக்குப் போவா, பொழுதடைய வந்துருவா. வேடிக்க பாக்கப் போறான்னு விட்டுட்டோம். ஒண்ணர வருசமா மத்த நாளுலயும் ஓடுதா, இப்ப தெனமும். சோறு திங்க மாட்டேங்கா. ஆளில்லாத எடத்துல காத்துகூடக் கையாட்டிப் பேசுதா. வீட்டுல எம் பொஞ்சாதி பிள்ளத்தாச்சி, பயப்படுதா." குரல் இறங்கியது. "ஓட்டம் நிக்கும்னா கூட்டிட்டு வாரேன். இல்லன்னா அங்ஙனயே வச்சுக்கிடுங்கம்மா. ரயிலடியில அடிபட்டுச் சாவதுக்கு அது தேவல."

கெட்ட அண்ணன் இல்லை. தங்கையை ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க அவருக்கு வழி இல்லை. சாப்பாடு, தண்ணீர், வேலை, இதற்கு வேண்டிய சைகைகள் அந்த வீட்டில் இருந்தன. துக்கத்துக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காமத் தம் பொறுப்பில் அவளை வெளியே அனுப்ப அனுமதி கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் டையோடு வந்து குர்லா பிளாட்பாரத்தில் புத்தகக் கடையில் பத்திரிகை படிப்பவர் மாதிரி நின்றுகொண்டார். சொர்ணம் படியிறங்கியதும் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பிளாட்பாரத்தின் கோடியில், பாலத்துக்கு அப்பால், ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லை, கைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பம்பாயின் காது கேட்காதவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வாயாரப் பேசிக்கொள்ளும் இடம் அது. நான் பிறந்து வளர்ந்த ஊரில், நான் ஏறி இறங்கும் ஸ்டேஷனில். வண்டி பிடிக்கிற அவசரத்தில் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அவளைக் கண்டதும் வட்டம் விலகி இடம் கொடுத்தது. அவள் பேச ஆரம்பித்தாள். போலீஸ், அடி, கட்டில், கட்டு, மாத்திரை எல்லாம் வந்தது. எனக்கே பாதி புரிந்தது. இளம் டாக்டர் ட்ரேயைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நின்றதை அவள் செய்து காட்டியபோது எல்லாரும் குலுங்கினார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வார்டில் யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. மெதுவாக, தமக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "நிறையப் பேசுகிறாள். விஷயம் விட்டு விஷயம் தாவவில்லை. அடுத்தவர் முறைக்குக் காத்திருக்கிறாள். வேடிக்கை தெரிகிறது, துக்கமும் தெரிகிறது, இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன." ஒரு வார்த்தை புரியாமல் அவர் படிகளை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஒரு தையல்காரர், காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர், என் உள்ளங்கையை விரித்து விரலால் மராட்டி எழுத்தில் எழுதினார். தோழி என்று எழுதினார். கல்யாணம் என்று எழுதினார். பாண்டுப் என்று எழுதினார். நான் சொர்ணத்தைப் போல மூக்கைத் தொட்டு, தோளிலிருந்து கையைக் கீழே இழுத்து, இது என்ன என்று கேட்டேன். அவர் தம் மூக்கில் ஒரு மூக்குத்தி போட்டுக்காட்டினார், முன்னால் எடுத்துப்போட்ட நீளப் பின்னலைத் தடவிக்காட்டினார். பிறகு மறுபடி என் கையில், பெயர் என்று எழுதினார்.

மூக்குத்திக்காரி, நீளப் பின்னல்காரி. அவர்களுக்குள் ஆளுக்கொரு பெயர் இப்படித்தான். அந்த ஆண்கள் கூட்டத்தில் இவர்கள் இரண்டே பேர் பெண்கள், அதுவும் இருவரும் தமிழ். குர்லாவில் ஒரு சாலில், வரிசைக் குடித்தனத்தில், இருந்த அந்தத் தோழியைத் திடீரென்று சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பாண்டுப்பில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சொர்ணத்துக்கு அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை, அவ்வளவுதான். தையல்காரருக்கே அந்தச் சேதி சொர்ணம் வார்டில் கிடந்தபோதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டிலில் கட்டுண்டு கிடந்தபோதும் சொர்ணம் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டியில் டாக்டர் சொர்ணத்துக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு, "இவளுக்கு நோய் பேச ஆளில்லாதது. இதற்கு என்ன மருந்து எழுத?" என்றார். கேள்வி அவருடையது, ஆனால் பதிலுக்காக என்னைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டுப்பில் ஊமை மருமகள் உள்ள தமிழ் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்த மாமியாரைப் பார்த்ததும் திக்கென்றது. எங்கள் தாராவிக் கோயிலுக்கே ஞாயிறுதோறும் வருகிறவர். மாதாகோயிலை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். தமிழ் ஆராதனைக்காக அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து முன்வரிசைப் பாயில் உட்காருவார். உள்ளே அடுப்படியில் மூக்குத்தி போட்ட ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியம் என்று பெயர். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கையாட்டக் கூட்டமா? அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் மாமியார். "ஆம்பளைய கூட்டத்துல நின்னுக்கிட்டுக் கையையும் காலையும் ஆட்டுதது. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவா? எம் பேரனும் பாத்துப் படிச்சுக்கிடுவான். வாயுள்ள பிள்ள, நல்லாப் பேசணும்லா?"

"ஸ்டேஷனுக்கு வேண்டாம் பெரியம்மா. உங்க கூடக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பொண்ணும் அங்க வருவா."

"காது கேக்காதவளுக்குப் பிரசங்கம் எதுக்கு? வீட்டுல கெடந்தா கொழம்பாவது வைப்பா."

"அப்ப ரட்சிப்பு காது கேக்கிறவங்களுக்கு மட்டும்தானா பெரியம்மா? எனக்குத் தெரியல. ஐயரைக் கேட்டுச் சொல்லட்டுமா?"

எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் வாயி நீளம்ட்டி" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது பாக்கியத்தைப் பார்த்து இரண்டு விரலால் என் மூக்கைத் தொட்டு, தோளிலிருந்து கையை இழுத்தேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். முகம் அப்படியே கரைந்துவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். எங்கள் ஆராதனை எவ்வளவு நேரம் என்று விசாரித்தார். பிரசங்கமே ஒன்றரை மணி நேரம் போகும், பாட்டும் ஜெபமும் தனி என்றதும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "நீண்ட பிரசங்கத்தை நான் மருந்தாக எழுதுவது இதுதான் முதல் தடவை. வாரம் ஒரு வேளை" என்றார். மாதக் கடைசிக் கூட்டத்துக்கு முன் இரண்டு ஞாயிறுகள் இருந்தன. செல்லையாவிடம், ஓட்டம் நிற்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு விடவேண்டும் என்றேன். அது நிசமானால் இன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்றார். நிசமாகவேண்டுமே.

முதல் ஞாயிறு சொர்ணத்துக்கு ஆயாக்கள் தலைவாரிப் பூ வைத்து அனுப்பினார்கள். மூக்குத்திக்காரி வருவாள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் சொல்லியிருந்தேன். பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில், பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தே உட்கார்ந்தாள். பெரியம்மா தனியாக வந்தார். என் பக்கம் பார்க்காமல் முன்வரிசைக்குப் போய்விட்டார். ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டும்வரை சொர்ணம் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். அடுத்த வாரம் முழுக்க வார்டில் அவள் கையை எடுக்கவே இல்லை, பேச்சை விட்டுவிட்டாள். இப்போதுதான் உண்மையாகவே பயமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

அதற்கடுத்த ஞாயிறைச் சொல்லுமுன் பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொர்ணம் அந்தத் திங்கட்கிழமையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். சில வருஷம் ஞாயிறுதோறும் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் கொஞ்சம் கை பேசப் பழகினேன். எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். எப்போதும் மணி பார்த்து ஓடுகிறவள் என்பதால் மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டினால் நான். பிறகு தோல் ஷாப்பை மூடியபோது செல்லையா குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார், சொர்ணமும் போனாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் போட்ட கடிதங்களை யாராவது அவளுக்குக் கையில் சொன்னார்களா என்று தெரியாது. பாக்கியமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் மணிக்கட்டுப் பெயரால் என்னைக் கூப்பிட இனி ஆளில்லை. எத்தனை வேலை செய்தேன், எத்தனை பேரைப் பார்த்தேன், என் மனம் ஏங்குவது அந்தக் கடைசிப் பாய்க்குத்தான்.

அந்த இரண்டாம் ஞாயிறு ஆராதனை தொடங்கியபோது பெரியம்மாவையே காணவில்லை. பாட்டு முடிந்தது, பாடம் வாசித்தார்கள். ஐயர் ஜெபத்துக்கு அழைத்தார். எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த ஐயரின் ஜெபம் பேர்போனது. ஊரிலுள்ள நோயாளிகளில் தொடங்கி நகரசபை வரை ஒருவரையும் விடமாட்டார். எனக்குக் கண்ணை மூட மனம் வரவில்லை. சொர்ணமும் வாசலைப் பார்த்து முழங்காலில் நின்றாள், அவளுக்கு ஜெபம் என்று தெரியுமோ என்னவோ.

வாசலில் பெரியம்மா செருப்பைக் கழற்றினார். வண்டி தாமதம் போல, மூச்சிரைத்தது. முன்வரிசைக்குப் போக வழியில்லாமல் அங்கேயே, எங்கள் பாயில், முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார். அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு பாக்கியம்.

அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமில்லை. பாக்கியம் உட்கார்ந்த நொடியிலிருந்து பேச்சு. ஒரு சபை முழுக்கக் கண்ணை மூடியிருக்க, நடுவில் இவர்கள் இருவரும் விழித்திருந்து பேசினார்கள். எங்கே போனாய், எங்கே போனாய் என்று சொர்ணம் கேட்பது எனக்கே விளங்கியது. பாக்கியம் கழுத்தைத் தொட்டாள், குழந்தையைத் தொட்டாள், பாண்டுப் பக்கமாகக் கையைக் காட்டினாள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பாதி வார்த்தையாக ஒற்றைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். சொர்ணம் என்னவோ சொல்ல, பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐயர் ஆமென் சொன்னார். சபை ஆமென் என்றது, எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். இவர்களுக்குக் கேட்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பெரியம்மாவும் திரும்பினார். மருமகள் சிரிப்பதை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்த பெண்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு கையை நீட்டி, "பிள்ளைய இங்ஙன தா" என்று சொல்லி, பாக்கியத்தின் இடுப்பிலிருந்து குழந்தையைத் தம் மடிக்கு வாங்கிக்கொண்டார்.